பழைய இரசமும் புதிய நண்பனும்

(வாசிக்க: லூக்காஸ் 5: 27–39, சீராக் 9: 10, எரேமியாஸ் 48: 11)

நற்செய்தியை ஒழுங்காக வாசித்துவரும் நேயர்களே, லூக்காஸ் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்துக் கடைசி வசனத்தில் நீங்கள் எப்போதாவது தடக்கியதுண்டா? லேவியின் வீட்டு விருந்தில் ஆண்டவர் பந்தியமர்ந்திருக்கிறார். ஸ்நாபக அருளப்பரின் சீடர்களும் பரிசேயரின் சீடர்களும் நோன்பிருக்க, இவருடைய சீடர்கள் உண்டு குடிக்கிறார்களே என்று சிலர் குறை கூறுகிறார்கள். மணமகன் கூட இருக்கும் வேளையில் அவன் தோழர்களை நோன்பிருக்கச் செய்ய முடியுமா என்று கேட்ட இயேசு, அதைத் தொடர்ந்து மூன்று சிறு உவமைகளை அடுக்குகிறார். புதுத் துணியைக் கிழித்துப் பழைய ஆடைக்கு ஒட்டுப்போடுவார் இல்லை. புதிய முந்திரிகை இரசத்தைப் பழைய தோற்பையில் ஊற்றி வைப்பார் இல்லை. இவ்விரண்டும் நமக்கு நன்கு பழக்கமானவை. மூன்றாவதுதான் சங்கடம் தருவது. பழைய இரசத்தைக் குடித்த எவனும் புதியதை நாடமாட்டான், பழையதே நல்லது என்பான் என்று ஆண்டவர் முடிக்கிறார்.

புதிய உடன்படிக்கையைக் கொண்டுவந்தவர் பழையதைப் புகழ்கிறாரா? அல்லது பழையதில் ஊறிப்போனவர்களைக் கண்டிக்கிறாரா? இந்தக் கேள்வி வேதநூல் அறிஞர்களுக்கு மட்டும் உரியதன்று. பங்கில் பழையவர்களும் இளையவர்களும் ஒருவரையொருவர் முகம் பார்க்காமல் நிற்கும் இடங்களிலெல்லாம், பழைய நட்பொன்று முறிந்து கிடக்கும் வீடுகளிலெல்லாம், இதே கேள்விதான் வேறு உருவில் நிற்கிறது. ஆகவே இக்கிழமை இந்த வசனத்தைச் சற்று ஆறுதலாக ஆராய்வோம்.

எழுத்தர்களுக்கும் சங்கடம்

இந்த வசனம் லூக்காஸ் நற்செய்தியில் மாத்திரமே உண்டு. மத்தேயுவும் மாற்கும் தோற்பை உவமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேணப்படும் பேசாப் பிரதி என்னும் பழைய கையெழுத்துப் பிரதியிலும், பழைய இலத்தீன் பிரதிகள் சிலவற்றிலும் இவ்வசனமே இல்லை. புதுமையைப் போற்றும் பகுதியின் முடிவில் இது பொருந்தவில்லை என்று யாரோ ஓர் எழுத்தர் எண்ணியிருக்கக்கூடும்.

வசனம் உள்ள பிரதிகளிலும் இரு வேறுபாடுகளைக் காணலாம். சீனாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் பழையது "நல்லது" என்கின்றன. வேறு பல பிரதிகளோ பழையது "மேலும் நல்லது" என்கின்றன. மேலும், பல பிரதிகளில் "உடனே" என்னும் சொல் சேர்ந்து வருகிறது. பழையதைக் குடித்தவன் உடனே புதியதை விரும்பமாட்டான் என்பது அதன் கருத்து. நம் முன்னோர் கேட்டுவந்த இலத்தீன் வேதாகமத்திலும் "ஸ்தாத்திம்" என்று இச்சொல் இருந்தது. மூலத்தில் அது இருந்திராவிட்டாலும், அதைச் சேர்த்தவர் இரசத்தின் இயல்பை நன்கு அறிந்தவர் என்றே சொல்லத் தோன்றுகிறது. காரணத்தைப் பின்னர் காண்போம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வசனத்தில் "நல்லது" என்பதற்குக் கிரேக்கத்தில் வரும் சொல் "கிறேஸ்தோஸ்". இனியது, பதமானது, உறுத்தாதது என்று அது பொருள்படும். தம் நுகம் இனியது என்று ஆண்டவர் மத்தேயு நற்செய்தியில் கூறும்போதும், நன்றி கெட்டவர்களுக்கும் இறைவன் பரிவுள்ளவர் என்று லூக்காஸ் நற்செய்தியில் கூறும்போதும் இதே சொல்தான் வருகிறது. அதுபோலவே "புதிய" என்பதற்கும் இரு சொற்கள் கையாளப்பட்டுள்ளன. இரசத்தைக் குறிக்கையில் "நேயோஸ்", அதாவது வயதில் இளையது. தோற்பையைக் குறிக்கையில் "காயினோஸ்", அதாவது தன்மையில் புதியது. ஆகவே ஆண்டவர் பேசுவது இளம் இரசத்தையும் புதுப் பையையும் பற்றியதாகும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வோமாக.

தோற்பைக்குள் நடப்பது என்ன?

பலஸ்தீன நாட்டில் முந்திரிகைப் பழங்களைக் கல்லில் வெட்டிய தொட்டிகளில் இட்டுக் காலால் மிதிப்பார்கள். வழிந்தோடும் சாறு, அந்த வெயில் நாட்டில், அதிக நேரம் சும்மா இராது. பழத்தோலிலும் தொட்டியிலும் உள்ள நொதி அதில் உள்ள சர்க்கரையை உண்டு, மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்கும். நன்கு பழுத்த முந்திரிகைச் சாறு ஒரு லீற்றரில் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரை இருக்கும். அது முழுவதும் புளித்து முடியும்போது 50 லீற்றரளவு வாயு வெளியாகும். நுரைத்துப் பொங்கும் முதல் நாட்கள் கழிந்த பின்னரும் இந்த வேலை மெல்ல மெல்ல உள்ளே நடந்துகொண்டே இருக்கும்.

தோற்பை என்பது ஆட்டின் தோலை வயிற்றைக் கீறாமல் முழுதாக உரித்து, கால்களைக் கட்டி, கழுத்தை வாயாக வைத்துச் செய்யப்படுவது. புதிய தோல் இழுபடும். இளம் இரசம் மூச்சுவிடும்போது அதுவும் கூடவே விரியும். பழைய தோலோ முன்னமே விரிந்து, காய்ந்து, விறைத்துப் போனது. அதில் இளம் இரசத்தை ஊற்றினால் தோலும் கிழியும், இரசமும் மண்ணாகும். பழைய தோல் கெட்டது என்று ஆண்டவர் சொல்லவில்லை. ஏற்கெனவே அடங்கிப்போன இரசத்தை அது நன்றாகவே தாங்கும். அதன் விரியும் காலம் முடிந்துவிட்டது என்பதே குறை. புதியதைப் புதிய பையில் இட்டால் இரண்டுமே காக்கப்படும் என்று மத்தேயு தெளிவாகச் சேர்த்துக்கொள்கிறார். ஆண்டவர் எதையும் வீணாக்க விரும்பவில்லை என்பது இங்கே புலனாகிறது.

பழகுதல் என்னும் அற்புதம்

கருஞ்சிவப்பு முந்திரிகையின் தோலிலும் விதையிலும் துவர்ப்புச் சத்து உண்டு. நீண்ட நேரம் ஊறிய வெறுந்தேநீரில் நாக்கைப் பிடிக்கும் அதே துவர்ப்பு. இளம் இரசத்தில் இந்தத் துவர்ப்பின் துணுக்குகள் சிறிது சிறிதாகத் தனித்தனியே நின்று நாக்கை உரஞ்சும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒன்றோடொன்று பிணைந்து, நிறச்சத்தையும் இழுத்துக்கொண்டு, கனத்து, மண்டியாக அடியில் படியும். அதனால் சிவப்பு இரசம் வயதாக ஆக ஊதா கலந்த நிறம் மங்கி, செங்கல் நிறத்துக்கு வருகிறது. வெள்ளை இரசமோ அதற்கு எதிர்மாறாக, வயதேறப் பொன்னிறமாகிக் கருகும். வாசனையும் மாறும். இளமையில் புதுப் பழமும் பூவும் மணக்கும். முதுமையில் உலர்ந்த பழமும், தோலும், மழைக்குப் பின்னான மண்ணும், காளானும் நினைவுக்கு வரும்.

இதற்கெல்லாம் துணைநிற்பது சொற்பக் காற்று. பிரான்சிய விஞ்ஞானி லூயி பாஸ்தேர் 1866இல் வெளியிட்ட முந்திரிகை இரசம் பற்றிய நூலில் இதை விளக்கினார். மிக மெதுவாக, மிகக் கொஞ்சமாகச் சேரும் காற்று இரசத்தைப் பதப்படுத்துகிறது. அளவுமீறி வந்த காற்றோ, நுண்கிருமிகளுக்கு இடங்கொடுத்து அதை வினாகிரியாக்கிவிடுகிறது. அதே காற்றுத்தான். அளவும் காவலுமே வேறு.

நம் தமிழில் "பழகு" என்றொரு சொல் இருக்கிறதல்லவா? பழமை, பழக்கம், பழகியவர் என்றெல்லாம் அது கிளைக்கிறது. வயதேறுதலும் நெருங்கி உறவாடுதலும் நம் மொழியில் அண்டை வீட்டார். இரசமும் அப்படித்தான். தன்னோடு தான் பழகிப் பழகியே அது இனிமை அடைகிறது.

இரண்டு கிளாஸ்

வட இத்தாலியில் பியமொந்தே என்னும் மாநிலம் உண்டு. அங்கே ஆல்பா நகரை அண்டிய குன்றுகளில் நெபியோலோ என்னும் முந்திரிகை விளைகிறது. பரோலோ என்ற கிராமத்தின் பெயரால் வழங்கும் இரசம் இப்பழத்திலிருந்து செய்யப்படுவது. அறுவடைக்குப் பின் குறைந்தது 38 மாதங்கள், அவற்றுள் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், பழகாமல் அதை விற்க அந்நாட்டுச் சட்டம் இடங்கொடாது. உரோமாபுரியில் படித்த நாட்களில் உடன் கற்ற குருவானவர் ஒருவர் இக்குன்றுகளைச் சேர்ந்தவர். விடுமுறையில் அவர் வீட்டுக்குச் சென்றபோது, பகலுணவின் பின் அவர் இரண்டு கிளாஸ்களில் விரற்கடை அளவு இரசம் ஊற்றி வைத்தார். ஒன்று முந்தின ஆண்டு அறுத்தது, பீப்பாயிலிருந்து நேரே எடுத்தது. மற்றது பதினைந்து வயதானது.

இளையதை முதலில் சுவைக்கச் சொன்னார். மாணிக்கச் சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனதும் ரோசாப்பூ. வாயில் வைத்ததும் மாங்கொட்டையைக் கடித்ததுபோல் பல்லும் ஈறும் இறுகிவிட்டன. பின்னர் பழையது. விளிம்பில் செம்மஞ்சள் ஓடிய மங்கல் நிறம். வாசனை ஒவ்வொன்றாக, அவசரமின்றி வந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் அது உறுத்தாமல் சுவையைத் தாங்கி நின்றது. மீண்டும் இளையதை எடுத்தபோது அது முன்னிலும் முரடாகத் தோன்றியது. இதனாற்றான் சுவைப்பவர்கள் இளையதிலிருந்து பழையதுக்குப் போவார்களேயன்றிப் பின்திரும்பி வரமாட்டார்கள் என்று நண்பர் விளக்கினார். பழையதைக் குடித்தவன் "உடனே" புதியதை விரும்பமாட்டான் என்பது நாவின் உண்மை. ஆண்டவர் முந்திரிகைத் தோட்டங்களின் நடுவே வளர்ந்தவர். அவருக்கு இது தெரியும்.

அதன்பின் நண்பர் சொன்னதே நமக்கு முக்கியம். இளையதின் அந்த முரட்டுத்தனத்தைக் குறையென்று எண்ணக்கூடாது. அந்தத் துவர்ப்பும் புளிப்பும் இல்லாத இரசம் பதினைந்து ஆண்டு நிற்கவே நிற்காது. இந்தப் பழையதும் தன் முதலாண்டில் இப்படித்தான் பல்லைக் கூசவைத்தது என்றார். இளமையில் நம்மை உறுத்துவது எதுவோ, அதுவே முதுமையில் தாங்கும் தூணாகிறது.

நண்பரோடு பழைய இரசத்தைப் பகிர்வது பழங்கால உரோமையரின் வழக்கமுமாகும். இலத்தீன் புலவர் ஹொராசியுஸ் கி.மு. 65இல் பிறந்தவர். தாம் பிறந்த அதே ஆண்டில் நிரப்பப்பட்ட சாடி ஒன்றை, மெஸ்ஸாலா கொர்வீனுஸ் என்னும் நண்பருக்காக இறக்கும்படி அவர் ஒரு பாட்டே பாடியிருக்கிறார். தன் வயதையுடைய இரசத்தைத் தனியே குடிக்க எவருக்கு மனம் வரும்?

எல்லாப் பழையதும் நல்லதா?

இல்லை. இதை அழுத்திச் சொல்லவேண்டும். உலகில் செய்யப்படும் முந்திரிகை இரசத்தில் மிகப் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. பிரான்சின் பொஜொலே நாட்டுப்புறத்தில், அவ்வாண்டு அறுத்த பழத்தின் இரசம் நவம்பர் மாதம் மூன்றாம் வியாழக்கிழமையே விற்பனைக்கு வருகிறது. அதன் அழகே அதன் இளமைதான். பத்தாண்டு வைத்திருந்தால் வெறும் சப்பென்றிருக்கும். நம் பனங்கள்ளும் அப்படித்தானே! காலையில் இறக்கிய முட்டி மறுநாளைக்குக் காத்திராது. பொங்கலுக்குப் புத்தரிசியும், நோயாளியின் கஞ்சிக்குப் பழைய அரிசியும் தேடுபவர்கள் நாம். எதற்கு எது என்பதை நம் தாய்மார் அறிவார்கள்.

நன்றாகப் பழகக்கூடிய இரசமும் காலவரையின்றி நிற்பதில்லை. கி.மு. 121ஆம் ஆண்டு இத்தாலியில் அபூர்வமான விளைச்சல் கண்டது. அவ்வாண்டின் கொன்சலான ஒப்பீமியுஸ் பெயரால் அந்த இரசம் புகழ்பெற்றது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய பிளீனியுஸ், அதிற் சில சாடிகள் தம் காலத்திலும் இருந்ததாகக் கூறுகிறார். ஆனால் அது கசக்கும் தேன்போல் இறுகி, தனியே குடிக்கமுடியாததாகி, வேறு இரசங்களுக்குச் சிறிதளவு வாசனை சேர்க்கவே பயன்பட்டதாம். பெயரும் வயதும் இருந்தன. குடிக்க ஏதும் இருக்கவில்லை.

திருச்சபையின் சட்டம் இவ்விடயத்தில் எத்துணை நிதானமானது என்று பாருங்கள். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 924ஆம் இலக்கம், திருப்பலிக்குரிய இரசம் முந்திரிகையிலிருந்து இயற்கையாக வந்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. வயதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. மதுபானத்தை அருந்தக்கூடாத நிலையிலுள்ள குருக்கள், தத்தம் மேற்றிராணியாரின் அனுமதியோடு, புளிப்பு நிறுத்தப்பட்ட இளஞ்சாற்றைப் பயன்படுத்தலாம் என்று உரோமை 2003இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. மிக இளையதும் பீடத்துக்கு ஏற்றது. மிகப் பழையதும் ஏற்றது. வினாகிரியாகிவிட்டது மட்டும் ஏற்றதன்று. இளையதா பழையதா என்று சபை கேட்கவில்லை. இன்னும் உயிரோடிருக்கிறதா என்றே கேட்கிறது.

சீராக் காட்டும் நண்பன்

பழைய ஏற்பாட்டில் சீராக் ஆகமம் என்னும் ஞானநூல் நம் கத்தோலிக்க வேதாகமத்தில் உண்டு. கி.மு. 180 அளவில் யெருசலேமில் எபிரேயத்தில் எழுதப்பட்டு, பின்னர் எகிப்தில் ஆசிரியரின் பேரனால் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. அதன் ஒன்பதாம் அதிகாரத்தில், பழைய நண்பனைக் கைவிடாதே, புதியவன் அவனுக்கு ஈடாகமாட்டான் என்று புத்தி சொன்ன ஞானி, உடனே புதிய நண்பனைப் புதிய இரசத்துக்கு ஒப்பிடுகிறார். அது பழமையடைந்ததும் நீ அதை மகிழ்ச்சியோடு பருகுவாய் என்கிறார்.

ஒப்புமையின் நுட்பத்தைக் கவனியுங்கள். புதிய நண்பனை விலக்கு என்று அவர் சொல்லவில்லை. இளம் இரசத்தை எவரும் மண்ணில் ஊற்றுவதில்லை; பத்திரமாக வைக்கிறார்கள். இன்றைய புதியவனே நாளைய பழையவன். அதேவேளை, முதற்சந்திப்பின் நுரையைக் கண்டு முழுநம்பிக்கையும் வைத்துவிடாதே என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. ஆறாம் அதிகாரத்தில் சோதித்தபின் நட்புக்கொள் என்கிறார் அதே ஞானி. திருவள்ளுவரும் "நட்பு" என்று ஓர் அதிகாரம் வகுத்து, அடுத்ததை "நட்பாராய்தல்" என்று வைத்து, அதற்கடுத்ததற்குப் "பழைமை" என்றே பெயரிட்டார். நட்பு, சோதனை, பழைமை என்னும் இந்த வரிசை யெருசலேமின் ஞானிக்கும் தமிழ் ஞானிக்கும் பொதுவானது.

பழைய இரசத்தைப் பரிமாறுவோர் போத்தலைக் குலுக்கமாட்டார்கள். அடியில் படிந்த மண்டியைக் கலக்காமல், வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாகச் சரிப்பார்கள். மண்டி இல்லாத பழைய இரசம் இல்லை. மண்டி இல்லாத பழைய நட்பும் இல்லை. முப்பது வருட உறவில் ஒரு காணிப் பிணக்கு, ஒரு கடன், ஒரு கல்யாண வீட்டுக் குறை எங்கோ அடியில் கிடக்கத்தான் செய்யும். அதைக் குலுக்கிக் கலக்கிவிட்டு, இரசம் கலங்கிவிட்டதே என்று அழுவதில் பயன் என்ன?

மேலும், இளம் இரசத்தைத் திறந்து சில மணிநேரம் வைத்தால் அது நன்மையடையும். மிகப் பழையதோ திறந்து சற்று நேரத்திலேயே வாசனை இழந்துவிடக்கூடும். முதியவர்களிடம் போகவேண்டிய பயணத்தை நாளைக்கென்று ஒத்திவைக்கும் நேயர்கள் இதை நினைவிற் கொள்வார்களாக.

பாத்திரம் விட்டுப் பாத்திரம்

எரேமியாஸ் இறைவாக்கினர் மோவாபு நாட்டைப்பற்றிச் சொன்ன ஒரு சொல் நம் மக்களுக்கு மிக நெருக்கமானது. மோவாபு இளமை முதல் நிம்மதியாக வாழ்ந்து, மண்டியின்மேல் அப்படியே தங்கிய இரசத்தைப் போன்றது. ஒரு பாத்திரத்திலிருந்து மறு பாத்திரத்துக்கு ஊற்றப்படவில்லை, நாடுகடத்தப்படவுமில்லை. ஆகவே அதன் சுவையும் வாசனையும் மாறவேயில்லை என்கிறார். இதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை. அசையாமல் கிடந்ததன் செருக்கையே கண்டிக்கிறார். இரசம் தெளிவதற்கு அதை மண்டியைவிட்டு வேறு பாத்திரத்துக்கு ஊற்றவேண்டும். அவ்வேளையில் சிறிது காற்றும் படும், சிறிது சிந்தவும் செய்யும்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டு நடந்தவர்களுக்கும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக ஊற்றப்பட்டவர்களுக்கும் இந்த உவமை புரியும். இடப்பெயர்வு நல்லது என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. சிந்தியது திரும்பி வராது. ஆனால் சிந்தாமல் எஞ்சியதைப்பற்றி நாம் பேசலாம். ஒரே ஊர், ஒரே கோவில், ஒரே வாங்கு என்றிருந்த நட்புகள் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் திருச்சியிலுமாகப் பிரிந்திருக்கின்றன. அவற்றுள் சில புளித்துப்போயின. வேறு சிலவோ, பாத்திரம் மாறியதால் முன்னிலும் தெளிந்திருக்கின்றன. எது எதுவானது என்பதை வேறுபடுத்தியது பெரும்பாலும் ஒரு சிறு காரியமே: யாரோ ஒருவர் மூடியைக் கவனமாக மூடிவைத்தார், அதாவது தொடர்பைக் காத்தார்.

நம் பங்குகளுக்கு

இனி நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். ஆண்டவர் பழையதைப் புகழ்ந்தாரா, கண்டித்தாரா? இரசத்தின் இயல்பை அறிந்தபின் பார்த்தால், அவர் ஓர் உண்மையைப் பரிவோடு எடுத்துச் சொன்னார் என்றே கொள்ளலாம். பழையதில் பழகிய நாவுக்குப் புதியது உடனே இனிக்காது. அதற்குக் காலம் வேண்டும். இதில் பரிசேயருக்கு எச்சரிக்கையும் உண்டு, சீடர்களுக்குப் பொறுமையும் உண்டு.

1969ஆம் ஆண்டு திருவருகைக் கால முதல் ஞாயிறன்று புதிய திருப்பலி நூல் நடைமுறைக்கு வந்தபோது, இலத்தீன் பூசையில் பழகிய நம் முதியோர் எத்தனை பேர் முகஞ்சுழித்தார்கள் என்று மூத்த நேயர்கள் சொல்வார்கள். இன்று அந்தத் தமிழ்ப் பூசையே "நம் பழைய முறை" ஆகிவிட்டது. அன்று புதியதென்று வெறுக்கப்பட்ட பாட்டுகளை இன்று மாற்ற முயலும் இளைஞர்மீது கோபம் வருகிறது! சபையின் வரலாறு முழுவதும் இதுவே நடந்துவருகிறது.

ஆகவே மூத்தோர்க்கு ஒரு சொல். இளையவரின் துவர்ப்பைக் கண்டு அவர்களைத் தள்ளிவிடாதீர்கள். கேள்வி கேட்பவன், எதிர்த்துப் பேசுபவன், கூட்டத்தில் பின்வாங்கில் நின்று முணுமுணுப்பவன் ஆகியோரில்தான் நாற்பது ஆண்டு தாங்கக்கூடிய சத்து இருக்கலாம். உங்கள் வேலை அவனுக்கு விரியக்கூடிய ஒரு பையைக் கொடுப்பது. சங்கத்தின் விதிகளிலோ, பொறுப்புகளிலோ, பாட்டுக்குழுவிலோ கொஞ்சம் இடம் விட்டுப் பாருங்கள்.

இளையோர்க்கு ஒரு சொல். பழைய பை கிழியுமென்று தெரிந்துகொண்டே அதில் உங்கள் இரசம் முழுவதையும் ஊற்றிவிட்டு, கிழிந்துபோயிற்றே என்று சிரிக்காதீர்கள். அந்தப் பைக்குள் இன்னும் நல்ல இரசம் இருக்கிறது. அதைச் சுவைத்துப் பாராமல் உங்களுடையதன் குறையும் நிறையும் உங்களுக்குத் தெரியவராது.

இருசாராருக்கும் ஒரு சொல். கானாவூர்க் கலியாணத்தில் ஆறு கற்சாடிகள் நிறைய, ஏறக்குறைய ஐந்நூறு முதல் எழுநூறு லீற்றர் வரை, ஆண்டவர் இரசம் கொடுத்தார். அது அன்று உண்டானது; ஆனால் பந்தி மேற்பார்வையாளன் அதைச் சுவைத்து, கடைசிவரை பாதுகாத்து வைத்த நல்ல இரசம் என்றே எண்ணினான். புதியது பழையதின் இனிமையோடு வந்தது. இறுதி இராவுணவில், தந்தையின் அரசில் புதிதாகப் பருகும் நாள்வரை இனிப் பருகுவதில்லை என்று அவர் கூறியபோது வருகின்ற "புதிது" என்னும் சொல், இளமையைக் குறிக்கும் "நேயோஸ்" அன்று, "காயினோஸ்" ஆகும். வயது தீண்டாத புதுமை அது. நம் சண்டையெல்லாம் இளையதுக்கும் பழையதுக்கும் இடையில். அவர் அழைப்பதோ இரண்டையும் கடந்த விருந்துக்கு.

ஓர் எச்சரிக்கை. இரசத்தைப்பற்றி இவ்வளவு எழுதியது குடியைப் புகழ்வதற்கன்று. அளவோடு அருந்தினால் இரசம் உயிரளிக்கும் என்று சொன்ன அதே சீராக் ஞானி, மிஞ்சிக் குடித்தால் கசப்பும் சண்டையும் என்றும் எழுதினார். மாலையானால் தகப்பன் எந்த நிலையில் வருவாரோ என்று படலையைப் பார்த்து நிற்கும் பிள்ளைகள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். குடிக்கு அடிமையானவருக்கு விரற்கடை அளவும் ஆகாது. அவருக்காகப் பீடத்திலேயே சபை விதிவிலக்கு வைத்திருக்கிறதென்றால், நம் பந்திகளில் ஒரு கிளாஸ் மோர் வைப்பதற்கு என்ன தடை?

இக்கிழமை ஒரு காரியம் செய்வோம். முறிந்துபோன பழைய நட்பொன்றை எண்ணி, முதலில் அதன் மண்டியைக் கலக்காமல், ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ எடுப்போம். புதிதாக நம் அயலுக்கோ பங்குக்கோ வந்த ஒருவரை ஒருநாள் தேநீருக்கு அழைப்போம். முதற்சுவையில் தீர்ப்புச் சொல்லாதிருப்போம்.

குழுச் சிந்தனைக்கு

1. என் பழைய நட்புகளில் இன்னும் உயிரோடிருப்பது எது? நான் கவனியாததால் புளித்துப்போனது எது?

2. நம் பங்கில், விரியும் காலம் முடிந்துவிட்ட பழைய பைகள் எவை? அவற்றுள் இன்னும் காக்கவேண்டிய நல்ல இரசம் என்ன?

3. முதலில் எனக்குப் பிடிக்காதிருந்து, காலப்போக்கில் இனிமையான ஒரு மனிதரையோ வழக்கத்தையோ குறிப்பிடுங்கள். அந்த இடைக்காலத்தில் எனக்குப் பொறுமை தந்தது எது?

4. "உடனே" என்னும் சொல்லை மனதில் வைத்து லூக்காஸ் 5: 39ஐ மீண்டும் வாசியுங்கள். அது இப்போது யாரை நோக்கிப் பேசுகிறது?